டேட்டாபேஸ் விழுந்தால் மெயில் லாகினும் விழுகிறது: இரண்டு நோடு கலேரா போதுமா?

மடல்காப்பான் (கேள்வி)

வணக்கம் நண்பர்களே. எங்கள் அமைப்பில் இரண்டு மெயில் சர்வர்கள் இருக்கின்றன. இரண்டிலும் போஸ்ட்ஃபிக்ஸ் (மெயிலை வாங்கி அனுப்புவது), டவ்காட் 2.3 (பயனர் லாகின் செய்து மெயில் படிக்க உதவுவது). யூசர், டொமைன், ஏலியாஸ் டேபிள்கள் மட்டும் மூன்றாவதாக ஒரு மெஷினில், மரியாடிபி டேட்டாபேஸில். எண்ணூறு சொச்சம் மெயில்பாக்ஸ். எனக்கு முன்பு இருந்தவர் அமைத்தது, நல்லபடியாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

சமீபத்தில் அந்த டேட்டாபேஸ் மெஷினின் டிஸ்க் கண்ட்ரோலர் போய்விட்டது. மெயில் சர்வர் இரண்டும் உயிரோடு இருந்தும் ஒருவராலும் உள்ளே போக முடியவில்லை. எல்லார் போனிலும் பாஸ்வேர்டு கேட்டுப் பெட்டி வந்தது. பாதிப் பேர் பாஸ்வேர்டைத் தாங்களே மறந்துவிட்டதாக நினைத்து ரீசெட் பக்கத்துக்குப் போனார்கள். அதுவும் அதே டேட்டாபேஸ். போஸ்ட்ஃபிக்ஸ் லாகில் "451 4.3.0 டெம்பரரி லுக்கப் ஃபெயிலியர்" பக்கம் பக்கமாக ஓடியது. ஆச்சரியம் என்னவென்றால் வெளியிலிருந்து வந்த மெயில் ஒன்றுகூடத் தொலையவில்லை. டேட்டாபேஸ் எழுந்ததும் மெல்ல மெல்ல எல்லாம் வந்து சேர்ந்தன.

இப்போது மேலிடத்தில் "இனி இப்படி நடக்கக் கூடாது" என்கிறார்கள். இரண்டு மெஷினில் கலேரா (எல்லா நோடிலும், அதாவது மெஷினிலும், ஒரே டேட்டாவை வைக்கும் மரியாடிபி கிளஸ்டர்), முன்னால் கீப்அலைவ்டி வைத்து ஒரு மிதக்கும் ஐபி (ஒரு மெஷின் விழுந்தால் இன்னொன்றுக்குத் தாவும் முகவரி) என்று திட்டம் போட்டிருக்கிறேன். இது போதுமா? போஸ்ட்ஃபிக்ஸும் டவ்காட்டும் தாங்களாகவே இரண்டு டேட்டாபேஸ் பார்க்குமா, அல்லது மிதக்கும் ஐபி கட்டாயமா? பாஸ்வேர்டு மாற்றம், புதுக் கணக்கு போன்றவற்றை எந்தப் பக்கம் எழுதவிடுவது?

கொத்துப்பிரியன்

கலேராதான் ப்ரோ. எந்த நோடுல வேணா எழுதலாம், எதுல வேணா படிக்கலாம், ஒண்ணு போனா இன்னொண்ணு. மிதக்கும் ஐபி வச்சிட்டா மெயில் சர்வர் கான்ஃபிக்ல ஒரே ஒரு அட்ரஸ். வேற யோசிக்காதீங்க.

பழைய க்யூ

மடல்காப்பான், கொஞ்சம் பொறுங்க. ரெண்டு நோடுல கலேரா போடவே போடாதீங்க.

கலேராவுக்கு பாதிக்கு மேல ஓட்டு வேணும். சரிபாதி போதாது. ரெண்டுல ஒண்ணு திடீர்னு செத்தா மிச்சம் இருக்கிறது சரிபாதிதான். அது தன்னை நான்-பிரைமரின்னு (பெரும்பான்மை இல்லாத பக்கம்) அறிவிச்சுக்கிட்டு, யார் எந்தக் குவெரி அனுப்பினாலும் 1047 பிழையைத் திருப்பிக் கொடுத்துட்டு உக்காந்திருக்கும். இதுல வேடிக்கை என்னன்னா, சர்வீஸை முறையா ஸ்டாப் பண்ணிச் சோதிச்சா எல்லாம் அழகா வேலை செய்யும். ஒழுங்கா நிறுத்தின நோடு சொல்லிட்டுப் போகும், கிளஸ்டர் அளவு ரெண்டுலேர்ந்து ஒண்ணாக் குறையும், மிச்ச நோடு முழுப் பெரும்பான்மை. பவர் வயரைப் பிடுங்கினாத்தான் சாயம் வெளுக்கும். உங்க டிஸ்க் கண்ட்ரோலர் சொல்லிக்கிட்டா போச்சு?

மிதக்கும் ஐபியும் இதுல கைகொடுக்காது. 3306 (டேட்டாபேஸோட போர்ட்) திறந்திருக்கான்னு மட்டும் பார்க்கிற சோதனைக்கு நான்-பிரைமரி நோடு முழு ஆரோக்கியமாத்தான் தெரியும். ஹெச்ஏபிராக்ஸியில (கனெக்ஷனைப் பிரிச்சு அனுப்புற புரோகிராம்) இருக்கிற மைஎஸ்க்யூஎல் செக்கும் கைகுலுக்கலோட திரும்பிடும். உள்ளே டேட்டா சரியா இருக்கான்னு அதுக்குத் தெரியாது. கலேராதான் வேணும்னா மூணாவது ஓட்டுக்கு இன்னொரு நோடு, இல்லேன்னா கார்ப்டின்னு ஒரு ஆர்பிட்ரேட்டர் இருக்கு, டேட்டா வச்சுக்காம ஓட்டு மட்டும் போடும். அதை வேற மெஷின்ல வைங்க.

ஆனா உங்களுக்கு கலேராவே தேவையில்லங்கிறது என் கருத்து. மெயில் சர்வர் டேட்டாபேஸைக் கேக்கிறது என்ன? இந்த டொமைன் நம்மளதா, இந்த முகவரி இருக்கா, இந்தப் பாஸ்வேர்டு சரியா. அத்தனையும் படிக்கிற வேலை. எழுதுற வேலை ஒரு நாளைக்கு விரல் விட்டு எண்ணலாம். எண்ணூறு மெயில்பாக்ஸோட டேபிள் ஒரு போட்டோ அளவுகூட வராது. அதனால ரெண்டு மெயில் சர்வர்லயும் ஆளுக்கொரு ரெப்ளிகா (மூல டேட்டாபேஸைத் தொடர்ந்து நகலெடுக்கிற டேட்டாபேஸ்) வச்சிருங்க. அந்த சர்வர் உயிரோட இருந்தா அதோட டேட்டாபேஸும் பக்கத்துலயே இருக்கும். எழுதுறதெல்லாம் உங்க பழைய மெஷின்ல, அதாவது பிரைமரியில மட்டும். ரெப்ளிகா ரெண்டுலயும் ரீட்_ஒன்லி. (சூப்பர் உரிமை (மரியாடிபி 10.11லேர்ந்து ரீட் ஒன்லி அட்மின் உரிமை) இருக்கிற அக்கவுண்டை ரீட்_ஒன்லி தடுக்காது. மெயில் சர்வர் பயன்படுத்துற அக்கவுண்டுக்கு செலக்ட் தவிர எதுவும் கொடுக்காதீங்க.)

ரெண்டு புரோகிராமுக்கும் ஒண்ணுக்கு மேல ஹோஸ்ட் கொடுக்கலாம், ஆனா நடந்துக்கிற விதம் வேற. போஸ்ட்ஃபிக்ஸ் முதல்ல யுனிக்ஸ் சாக்கெட் (அதே மெஷினுக்குள்ள மட்டும் பேசுற வழி) ஹோஸ்டுகளைப் பார்க்கும். அது கிடைக்கலேன்னாதான் டிசிபி (நெட்வொர்க் வழி) ஹோஸ்டுகள், அதுவும் நீங்க எழுதின வரிசையில இல்ல, கைக்கு வந்தபடி. விழுந்த ஹோஸ்டை ஒரு நிமிஷம் ஒதுக்கி வச்சிட்டு அப்புறம் மறுபடி தட்டும். அதனால ஹோஸ்ட்ஸ் வரியில உள்ளூர் சாக்கெட்டும் பக்கத்து சர்வர் ஐபியும் போட்டீங்கன்னா நமக்கு வேண்டிய முன்னுரிமை தானா வந்துரும். ஒரு எச்சரிக்கை: லோக்கல்ஹோஸ்ட்னு எழுதினா அது சாக்கெட்டுக்குத்தான் போகும், டிசிபி வேணும்னா 127.0.0.1.

டவ்காட் அப்படி இல்ல. கனெக்ட் வரியில ரெண்டு ஹோஸ்ட் கொடுத்தா அது ரெண்டுக்கும் மாத்தி மாத்தி அனுப்பும். முன்னுரிமைன்னு ஒண்ணு கிடையாது. ஒரு ரெப்ளிகா பின்தங்கிட்டா புதுப் பாஸ்வேர்டு ஒரு தடவை நுழையும், அடுத்த தடவை நுழையாதுன்னு கண்ணாமூச்சி காட்டும். ஹெல்ப்டெஸ்க்ல இருக்கிறவங்களுக்குப் பைத்தியம் பிடிச்சிரும்.

இப்ப முக்கியமான விஷயம். உங்க மெயில் ஒண்ணுகூடத் தொலையலன்னு ஆச்சரியப்பட்டீங்கல்ல? டேட்டாபேஸ் பதிலே சொல்லாததால தப்பிச்சீங்க. பதில் வரலேன்னா போஸ்ட்ஃபிக்ஸ் 451 சொல்லும். அனுப்புற சர்வர் க்யூவுல வச்சுக்கிட்டு மறுபடி மறுபடி வரும். 4, 5 நாளாவது முயற்சி பண்ணணும்னுதான் எஸ்எம்டிபி தரமே சொல்லுது. போஸ்ட்ஃபிக்ஸோட இயல்பு மதிப்பும் 5 நாள். ஆனா டேட்டாபேஸ் உயிரோட இருந்து "அப்படி யாரும் இல்லை"ன்னு சொல்லிச்சுன்னா? 550 5.1.1, யூசர் அன்னோன். அது இறுதித் தீர்ப்பு. அனுப்பினவருக்கு பவுன்ஸ் (மெயில் போய்ச் சேரலங்கிற அறிவிப்பு) போயிரும், மெயிலிங் லிஸ்ட்காரங்க உங்க ஆளைப் பட்டியல்லேர்ந்தே தூக்கிருவாங்க. டொமைன் டேபிள் காலியா இருந்தா 554 ரிலே ஆக்சஸ் டினைடு வரைக்கும் போகலாம்.

எப்படிக் காலியாகும்னு கேப்பீங்க. ஒரு இடத்துல கண்ணால பார்த்தேன். ரெப்ளிகா கெட்டுப்போச்சுன்னு டம்ப் (டேபிள்களோட நகல் ஃபைல்) எடுத்து மறுபடி ஏத்துறாங்க. டம்ப் ஃபைல் என்ன பண்ணும்? டேபிளை டிராப் பண்ணும், வெறும் டேபிளை உருவாக்கும், அப்புறம்தான் வரிகளைச் செருகும். டேபிள் எல்லாத்தையும் முதல்ல உருவாக்கிட்டு வரிகளை அப்புறம் ஏத்துற டம்ப்னா, மெயில்பாக்ஸ் டேபிளுக்கு முன்னாடி பெரிய ஹிஸ்டரி டேபிள் ஏதாவது மாட்டிக்கிட்டா அது ஏறி முடியிற வரைக்கும் மெயில்பாக்ஸ் டேபிள் காலியாவே கிடக்கும். போஸ்ட்ஃபிக்ஸ் அதே சாக்கெட்ல கேட்டுக்கிட்டே இருந்துச்சு. கனெக்ஷன் ஓகே, குவெரி ஓகே, வரிகள் பூஜ்யம். அலாரம் எதுவும் அடிக்கல. பவுன்ஸ் வாங்கினவங்க போன் பண்ணித்தான் தெரிஞ்சது.

அதனால ரெப்ளிகா ஏத்துறதுக்கு முன்னாடி மெயில் அக்கவுண்டை லாக் பண்ணிருங்க. மரியாடிபி 10.4லேர்ந்து ஆல்டர் யூசரோட அக்கவுண்ட் லாக் இருக்கு. திறந்திருக்கிற கனெக்ஷன்களையும் கொன்னுருங்க, லாக் புது கனெக்ஷனைத்தான் தடுக்கும். உள்ளே விடலேன்னா போஸ்ட்ஃபிக்ஸ் அடுத்த ஹோஸ்டுக்குப் போகும். அதுவும் இல்லேன்னா 451. கூடவே அந்த நேரத்துக்கு சாஃப்ட்_பவுன்ஸ் = யெஸ் போட்டு வைங்க, 5ல ஆரம்பிக்கிறதெல்லாம் 4 ஆயிரும். டேட்டாபேஸ் வேலை நடக்கும்போது அதை மறக்காம போடுறது என் வழக்கம், வேலை முடிஞ்சதும் எடுத்துருங்க.

மடல்காப்பான்

மிக்க நன்றி. இந்த 451, 550 வித்தியாசத்தை நான் இப்படி யோசித்ததே இல்லை. இரண்டு சந்தேகம். ஒன்று, டவ்காட்டின் ஆத் கேஷ் (லாகின் விவரத்தை மெமரியில் வைத்துக்கொள்வது) பற்றி ஒரு இடத்தில் படித்தேன், அது உதவுமா? இரண்டு, சோதனை மெஷினில் நீங்கள் சொன்னபடி அமைத்துப் பார்த்தேன். மரியாடிபியை ஸ்டாப் செய்தால் உடனே அடுத்ததற்குத் தாவுகிறது. ஆனால் அந்த மெஷினின் நெட்வொர்க்கையே துண்டித்தால் லாகின் அப்படியே தொங்குகிறது. ஏன்?

பழைய க்யூ

ரெண்டாவதை முதல்ல முடிச்சிருவோம். புரோகிராம் மட்டும் செத்தா கர்னல் உடனே "இங்க யாரும் இல்ல"ன்னு ஆர்எஸ்டி அனுப்பிரும். மெஷினே செத்தா பதில் சொல்ல ஆள் கிடையாது. லினக்ஸ் இயல்பா பல தடவை சின் பாக்கெட்டை (கனெக்ஷன் கேக்கிற முதல் பாக்கெட்) திரும்ப அனுப்பிப் பார்க்கும். புரோகிராம் தன் பங்குக்கு டைம்அவுட் வைக்கலேன்னா கைவிட ரெண்டு நிமிஷத்துக்கு மேல ஆகும். அதுக்குள்ள போன்ல இருக்கிற மெயில் ஆப் வெறுத்துப் போயிருக்கும். டவ்காட் கனெக்ட் வரியில கனெக்ட்_டைம்அவுட்=2 சேருங்க. போஸ்ட்ஃபிக்ஸுக்கு ஆப்ஷன்_ஃபைல்ல ஒரு மைஎஸ்க்யூஎல் கிளையண்ட் ஃபைலைக் காட்டி அதுக்குள்ள அதே டைம்அவுட்டைப் போடலாம். இனிமே சோதிக்கும்போது ஸ்டாப் பண்ணாதீங்க. ஃபயர்வால்ல 3306க்கு டிராப் போடுங்க. ரிஜெக்ட் இல்ல, டிராப். நெட்வொர்க் வயரைப் பிடுங்கிப் பார்த்தீங்க பாருங்க, அதுதான் சரியான சோதனை.

ஆத் கேஷ்: கண்டிப்பா போடுங்க. 2.3ல ஆத்_கேஷ்_சைஸ் இயல்பா பூஜ்யம், அதாவது அணைஞ்சிருக்கும். எண்ணூறு பேருக்கு 10எம் தாராளம். ஒருமணி நேரம் டிடிஎல் (ஒரு பதிவு செல்லுபடியாகிற காலம்). இதுல நிறையப் பேர் கவனிக்காத ஒண்ணு இருக்கு: டிடிஎல் முடிஞ்ச பதிவை டவ்காட் சாதாரணமா ஒதுக்கிரும், ஆனா டேட்டாபேஸ் உள்பிழை கொடுத்துச்சுன்னா அந்தக் காலாவதியான பதிவையே எடுத்துப் பயன்படுத்தும். அதாவது ரெண்டு ரெப்ளிகாவும் சேர்ந்து விழுந்தாக்கூட காலையில லாகின் பண்ணினவங்க பெரும்பாலும் தொடர்ந்து வேலை பார்க்கலாம்.

ஆனா அந்தக் கேஷ் ஆத் புரோசஸோட மெமரியில இருக்கு. லாகின் பிரச்சனைன்னு போன் வந்ததும் நம்ம ஆட்கள் முதல்ல பண்றது என்ன? டவ்காட்டை ரீஸ்டார்ட். போச்சு, உயிரோட இருந்தவங்களையும் சேர்த்து வெளிய தள்ளினாச்சு. உங்க ரன்புக்ல (அவசர நேரக் கையேடு) முதல் வரியா எழுதி வைங்க: டேட்டாபேஸ் கீழே இருக்கும்போது டவ்காட்டைத் தொடாதே.

கேஷால வர்ற பக்கவிளைவையும் சொல்லிடறேன். பாஸ்வேர்டு மாத்தினவர் புதுசைப் போட்டா பிரச்சனை இல்ல. முன்னாடி சரியா நுழைஞ்சவர் இப்போ பொருந்தலேன்னா டவ்காட் கேஷை நம்பாம டேட்டாபேஸையே கேக்கும் (பிளெயின் டெக்ஸ்ட் ஆதென்டிகேஷன்ல மட்டும்). ஆனா அவர் புதுசைப் போட்டு ஒரு தடவை நுழையிற வரைக்கும் பழைய பாஸ்வேர்டும் கேஷ்ல செல்லும். கணக்கு திருட்டுப் போச்சுன்னு முடக்கினா டவ்அட்மின் (டவ்காட்டோட நிர்வாகக் கட்டளை) மூலமா அந்த யூசரோட ஆத் கேஷை ஃப்ளஷ் பண்ணுங்க, ரெண்டு சர்வர்லயும். நெகட்டிவ் டிடிஎல்லை பூஜ்யமாக்கிருங்க. இல்லேன்னா கணக்கு உருவாக்குறதுக்கு முன்னாடியே அவசரப்பட்டு லாகின் பண்ணினவர் ஒருமணி நேரம் "இல்லாதவராவே" இருப்பார். இன்னொண்ணு, பாஸ்வேர்டு குவெரிக்குள்ள ரிமோட் ஐபி மாறியைச் சேர்த்திருக்கீங்களான்னு பாருங்க. இருந்தா கேஷ் சாவியும் ஐபிக்கு ஐபி மாறும், போன் வைஃபையை விட்டு வெளிய போனாலே கேஷ் பலிக்காது.

வெண்பா

பழைய க்யூ சொன்னதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை, ஆனால் எண்ணூறு மெயில்பாக்ஸுக்கு ரெப்ளிகேஷனே அதிகம் என்பேன். நான் பராமரிக்கும் இடத்தில் டேட்டாபேஸ் வெறும் பதிவேடு. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அதிலிருந்து ஒரு பாஸ்வேர்டு ஃபைல் தயாராகிறது, டவ்காட்டில் எஸ்க்யூஎல்லுக்கு அடுத்த பாஸ்டிபியாக (பாஸ்வேர்டு சரிபார்க்கும் இடம்) அது நிற்கிறது. போஸ்ட்ஃபிக்ஸுக்கு அதே பட்டியலிலிருந்து ஒரு எல்எம்டிபி (LMDB) மேப், அதாவது தேடல் ஃபைல். தற்காலிகப் பெயரில் எழுதி, முடிந்தபின் பெயர் மாற்றி அதே இடத்தில் வைக்கிறேன். பாதி எழுதிய ஃபைலை யாரும் படிக்க நேராது.

காலி டேபிள் கதைக்கும் இங்கே ஒரு மருந்து உண்டு. புது ஃபைலின் வரி எண்ணிக்கை பழையதைவிட நூற்றுக்கு ஐந்துக்கு மேல் குறைந்திருந்தால் ஸ்கிரிப்ட் மாற்றாமல் நின்று எனக்கு எச்சரிக்கை அனுப்பும். ரெப்ளிகேஷனிடம் இந்தச் சந்தேக புத்தி கிடையாது. பிரைமரியில் யாராவது வேர் (WHERE) நிபந்தனையை மறந்து டெலீட் அடித்தால் அதை அப்படியே எல்லா ரெப்ளிகாவுக்கும் நகல் எடுத்துக் கொடுக்கும்.

பழைய க்யூ

வெண்பா, அந்த வரி எண்ணிக்கை சோதனை அருமை, நானே எடுத்துக்கிறேன். ஒண்ணு மட்டும் சேர்க்கிறேன், ஏன்னா இதை அப்படியே காப்பி பண்றவங்க மாட்டிக்குவாங்க.

டவ்காட் பாஸ்டிபி சங்கிலியில ரிசல்ட்_ஃபெயிலியர், ரிசல்ட்_இன்டர்னல்ஃபெயில் ரெண்டுமே இயல்பா கன்டின்யூ. நமக்கு வேண்டியது ரெண்டாவது மட்டும்: டேட்டாபேஸ் விழுந்தா அடுத்ததைப் பாரு. முதலாவதும் கன்டின்யூவா இருந்தா, எஸ்க்யூஎல் "பாஸ்வேர்டு தப்பு"ன்னு சொன்ன பிறகும் டவ்காட் ஃபைலைப் போய்ப் பார்க்கும். ஃபைல் பழசா இருந்தா பழைய பாஸ்வேர்டு அங்க செல்லும். முடக்கின கணக்குக்காரர் பின்வாசல் வழியா வந்துருவார். எஸ்க்யூஎல் பாஸ்டிபியில ரிசல்ட்_ஃபெயிலியர் = ரிட்டர்ன்-ஃபெயில் போட்டுட்டா, உயிரோட இருக்கிற டேட்டாபேஸோட வார்த்தைதான் முடிவு.

வெண்பா

ஆம், எங்களிடம் அப்படித்தான் இருக்கிறது. எழுத விட்டுப்போனது.

கொத்துப்பிரியன்

சரி, ரெண்டு நோடு விஷயத்துல ஒத்துக்கிறேன். ஆனா பிரைமரி போனா பாஸ்வேர்டு மாத்த முடியாதே? ரெப்ளிகா தானா பிரைமரியா மாற வேணாமா?

பழைய க்யூ

வேணாம். கொஞ்ச நேரம் பாஸ்வேர்டு மாத்த முடியலேன்னா யாரும் குடிமுழுகிப் போறதில்ல. தானியங்கி புரமோஷன் தப்பான நேரத்துல கிளம்பி ரெண்டு பக்கமும் எழுத ஆரம்பிச்சா, எந்தப் பாஸ்வேர்டு உண்மைன்னு கையால ஒப்பிட்டு உக்காரணும். மனுஷன் பார்த்து, பழைய பிரைமரி நிஜமாவே செத்துட்டான்னு உறுதி பண்ணிட்டு மாத்தட்டும். ரீசெட் பக்கத்துல "தற்காலிகமா இயங்காது"ன்னு ஒரு அறிவிப்பு தானா வர்ற மாதிரி பண்ணுங்க. மடல்காப்பானோட ஆட்கள் பாதிப் பேர் அங்கதான் குழம்பியிருக்காங்க.

கண்காணிப்புக்கு: செகண்ட்ஸ் பிஹைண்ட் மாஸ்டரை (ரெப்ளிகா எவ்வளவு பின்தங்கியிருக்குன்னு காட்டுற எண்) மட்டும் நம்பாதீங்க. நெட்வொர்க் சத்தமில்லாம அறுந்தா கொஞ்ச நேரம் பூஜ்யம்னே காட்டிக்கிட்டிருக்கும், ரெப்ளிகேஷன் த்ரெட் நின்னா நல்னு (NULL, மதிப்பே இல்ல) வரும், பல ஸ்கிரிப்ட்டுங்க நல்லைப் பூஜ்யமா எடுத்துக்கும். பிரைமரியில ஒரு டேபிள்ல நிமிஷத்துக்கு ஒருதரம் நேரத்தை எழுதுங்க, ரெப்ளிகாவுல அதைப் படிச்சுக் கழிச்சுப் பாருங்க. அதோட ஒவ்வொரு மெயில் சர்வர்லயும் போஸ்ட்மேப் -க்யூ (டேபிளை நேரா கேட்டுப் பார்க்கிற போஸ்ட்ஃபிக்ஸ் கட்டளை) வச்சு, நிச்சயமா இருக்கிற ஒரு முகவரியைக் கேட்டு, வர்ற விடை எதிர்பார்த்ததுதானான்னு ஒப்பிடுங்க. போர்ட் திறந்திருக்கான்னு பார்க்கிற சோதனை பத்து வச்சாலும் இது ஒண்ணுக்கு ஈடாகாது.

மடல்காப்பான்

எல்லாருக்கும் நன்றி. இரண்டு மெயில் சர்வரிலும் ரெப்ளிகா, ஆத் கேஷ், பின்னால் வெண்பாவின் ஃபைல் என்று முடிவு செய்திருக்கிறேன். கலேரா இல்லை. கடைசியாக ஒன்று: விரைவில் டவ்காட் 2.4க்குப் போக வேண்டியிருக்கிறது. இதெல்லாம் அப்படியே வருமா?

பழைய க்யூ

யோசனை வரும், கான்ஃபிக் வராது. 2.4ல தனி எஸ்க்யூஎல் ஃபைலே கிடையாது, எல்லாம் பிரதான கான்ஃபிக்குக்குள்ள வந்துருச்சு. கனெக்ட் வரிக்குப் பதிலா ஒவ்வொரு ஹோஸ்டுக்கும் தனி மைஎஸ்க்யூஎல் பிளாக். பழைய ஃபைலைக் கொடுத்தா டவ்காட் கிளம்பவே கிளம்பாது, அது ஒரு வகையில நல்லது. டவ்காட்டோட ரெப்ளிகேட்டரும் (டேட்டாபேஸ் ரெப்ளிகா இல்ல) 2.4ல எடுத்துட்டாங்க, மெயில்பாக்ஸையே ரெண்டு சர்வருக்கும் நடுவுல டிசிங்க்ல ஒத்திசைச்சிட்டு இருந்தீங்கன்னா அதுக்கு வேற வழி பார்த்துட்டு அப்புறம் ஏறுங்க. முதல்ல ஒரு சர்வரை மட்டும் ஏத்துங்க, டிராப் சோதனையை அதுல மறுபடி ஓட்டிப் பார்த்துட்டு அடுத்ததைத் தொடுங்க.